கேக்கில் ஊறும் ரம்: மூன்று மாநில எல்லையில் ஒரு கிறிஸ்துமஸ் கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது வேப்பனப்பள்ளி. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரா ஆகிய மூன்று மாநிலங்களும் முட்டிக்கொள்ளும் மூலை அது. அங்கே சந்தைக்குப் போனால் தமிழ் காதில் விழும். தெலுங்கு விழும். கன்னடமும் உருதும் விழும்.

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த மூலையிலும் கேக் பேச்சுதான். கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள் சில வீட்டார்தான். ஆனால் புத்தாண்டு ராத்திரி கேக் வெட்டாத தெரு இப்போது ஏது? ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் விடுதியிலும் கேக், வீட்டுக்கு வாங்கிப் போவதும் கேக். வீட்டிலேயே சுட்டு, அக்கம்பக்கத்தில் விற்கும் தாய்மார்களும் பெருகிவிட்டார்கள்.

அவர்களிடம் வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ரம் ஊற்றிய கேக் கிடைக்குமா?"

கேட்பது சுலபம். ஆனால் அந்த ரம் எங்கிருந்து வருகிறது? அடுப்பில் போனதும் அது ஆவியாகிவிடுமா? அந்தத் துண்டை யார் யார் சாப்பிடப் போகிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரியாமல் கேக் கை மாறுகிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

பெயரில் பிளம், உள்ளே திராட்சை

பிளம் கேக் என்கிறோம். அதில் பிளம் பழம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் பிளம் என்றே பெயர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, சாராயம் எப்படி உள்ளே வந்தது?

போதைக்காக வரவில்லை. கெடாமல் இருப்பதற்காக வந்தது! குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம். ஊறுகாய்க்கு உப்பும் எண்ணெயும் எப்படியோ, அப்படித்தான் பழத்துக்குச் சர்க்கரையும் ரம்மும். சாராயத்தில் ஊறிய பழத்தில் பூஞ்சை பிடிக்காது. அக்டோபரில் நறுக்கி ஊறப் போட்டால் டிசம்பர் வரை நிற்கும். சுட்ட கேக்கின் மேல் வாரம் ஒரு முறை இரண்டு கரண்டி ரம் தெளித்து வந்தால், கேக்கும் மாதக்கணக்கில் நிற்கும். நாளாக ஆக ருசியும் கூடும்.

அதே பழக்கம் கப்பலேறி உலகம் சுற்றியது. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த மேற்கிந்தியத் தீவுகளில் ரம் மலிவு. அங்கே பழங்கள் ரம்மிலும் ஒயினிலும் ஊறி, கருகிய சர்க்கரை சேர்ந்து, கேக் கன்னங்கரேல் என்று ஆனது. இலங்கையில் மைதாவுக்குப் பதில் ரவை போட்டு, முந்திரியும் பூசணி மிட்டாயும் சேர்த்து, பிராந்தி ஊற்றினார்கள். நம் நாட்டில் அலகாபாத்காரர்கள் வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றி, பேட்டா மிட்டாயை நறுக்கிப் போட்டார்கள். எந்த ஊரில் எது விளைகிறதோ, அது கேக்குக்குள் போய்விடும். கூடவே அந்த ஊர்ச் சரக்கும் போகும்!

துரை கேட்ட கேக்

தென்னிந்தியாவில் கிறிஸ்துமஸ் கேக் பிறந்த கதையைக் கேட்டால் இது புரியும். கேரளத்தில் தலைச்சேரி என்ற கடற்கரை ஊர். ஆண்டு 1883. அங்கே மாம்பள்ளி பாப்பு என்பவர் ரொட்டி, பிஸ்கட் தொழில் செய்து வந்தார். அஞ்சரக்கண்டி லவங்கப்பட்டைத் தோட்டத்தின் சொந்தக்காரர் முர்டாக் பிரவுன் துரை. சீமையிலிருந்து வந்த ஒரு கேக்கைப் பாப்புவிடம் கொடுத்து, "இதேபோல் செய்து தர முடியுமா?" என்று துரை கேட்டாராம்.

பக்கத்திலேயே மாஹி. அது அப்போது பிரெஞ்சுக்காரர் ஊர். அங்கே போய்ப் பிராந்தி வாங்கிக் கேக்கில் சேர்க்கும்படி துரை யோசனை சொன்னார். பாப்பு அதைக் கேட்கவில்லை. முந்திரிப் பழத்திலிருந்தும் கதலி வாழைப்பழத்திலிருந்தும் உள்ளூரில் வடித்த சாராயத்தைச் சேர்த்துக் கேக் சுட்டார். துரை சாப்பிட்டுப் பார்த்து மெச்சி, மேலும் ஒரு டஜன் கேட்டார் என்பது தலைச்சேரியில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த முதல் கேக்குக்கே எல்லை தாண்டிய பாட்டில் ஒன்று யோசனையில் இருந்திருக்கிறது!

தங்கவயலில் ஊறிய பழங்கள்

வேப்பனப்பள்ளிக்கு வடக்கே, நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 30 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. சேலம், வட ஆர்க்காடு, தர்மபுரிப் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் பிழைப்புத் தேடி அங்கே போனார்கள். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கப் பாறையை வெட்டினார்கள். மேலே வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் பங்களா கட்டி வாழ்ந்தார்கள். தங்கவயலுக்குச் "சின்ன இங்கிலாந்து" என்றே பெயர்.

ஆங்கிலோ இந்திய வீடுகளில் டிசம்பர் என்றால் திருவிழா. திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் மிட்டாய், முந்திரி எல்லாம் பொடியாக நறுக்கப்படும். பீங்கான் ஜாடியில் போட்டு ரம் ஊற்றி மூடிவைப்பார்கள். சோழி போல் சுருட்டிப் பொரித்த 'குல்குல்', நம் அச்சு முறுக்கைப் போன்ற 'ரோஸ் குக்கி' இரண்டும் பக்கத்திலேயே தயாராகும்.

கேக் சுட வீட்டில் அடுப்பு ஏது? மாவைக் கலந்து தகரத் தட்டில் ஊற்றி, மேலே பெயர் எழுதிய காகிதத்தை வைத்து, ரொட்டிக் கடைக்கு அனுப்புவது வழக்கம். விறகு அடுப்பில் எல்லோர் வீட்டுக் கேக்கும் வரிசையாக வேகும். யார் வீட்டுத் தட்டில் எவ்வளவு ரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஏனென்றால் சுட்டவர்களே சாப்பிட்டார்கள்.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ந்தேதி மூடப்பட்டது. பலர் பெங்களூருக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டார்கள். கேக் மட்டும் போகவில்லை. அது கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. வந்தபோது ஒரு மாற்றமும் சேர்ந்தே வந்தது. சுடுகிறவர் வேறு, தின்கிறவர் வேறு என்று ஆகிவிட்டது.

மதுவிலக்கின் முதல் மாவட்டம்

இந்த மண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1937-ல் அவர் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். மாகாணத்திலேயே மதுவிலக்கு வந்த முதல் மாவட்டம் அது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்றைக்குச் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன.

எல்லைக்கு இந்தப் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். நடுவில் இருந்த ஒரு காட்டுப் பாதையில் சட்டமே மாறியது.

இன்று மதுவிலக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆனாலும் எல்லையின் வேலை தீரவில்லை. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி வரி போடுகிறது. ஆகவே எல்லை தாண்டினால் விலை மாறுகிறது. விலை மாறினால் கடத்தல் வரும்.

கர்நாடக மது பாக்கெட்டுகளைக் கடத்தி வந்ததாகக் கிருஷ்ணகிரி மாவட்டப் போலீசார் ஆட்களைப் பிடிப்பது அடிக்கடி வரும் செய்தி. பெரிய கடத்தல்காரரும் மாட்டுகிறார். பையில் பத்துப் பாக்கெட் வைத்திருந்தவரும் மாட்டுகிறார்.

கேக் சுடும் அம்மாளின் சங்கடம் இங்கேதான். டாஸ்மாக் வரிசையில் போய் நிற்க அவருக்குக் கூச்சம். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியுமா? யாராவது பையனிடம் காசைக் கொடுத்து, "ஒரு குவார்ட்டர் ரம் வாங்கிவா" என்கிறார். பையன் எங்கே வாங்கினான்? உள்ளூர்க் கடையிலா, எல்லைக்கு அந்தப் பக்கமா? பாட்டிலின் மேல் எந்த மாநில முத்திரை? அம்மாள் பார்ப்பதில்லை. கேக்குக்குத்தானே என்று ஊற்றிவிடுகிறார். வழக்கு என்று வந்தால் "கேக்குக்குத்தான்" என்ற சமாதானம் எடுபடாது.

வழக்கைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. முத்திரை இல்லாத சரக்கில் மெத்தனால் கலந்திருந்தால்? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நாடு மறக்கக் கூடாத சாவு அது. தெரியாத இடத்துச் சரக்கைக் கேக்கில் ஊற்றுவது, தெரியாத விஷத்தைப் பிள்ளைகள் வாயில் ஊற்றுவதற்குச் சமம்.

அடுப்பில் ஆவியாகிவிடுமா?

"சுடும்போது ரம் எல்லாம் பறந்துவிடும். வாசனைதான் மிச்சம்." இப்படித்தான் எல்லோரும் சொல்லுகிறார்கள். நம்பவும் செய்கிறார்கள்.

உண்மை வேறு.

அமெரிக்க விவசாய இலாகா இதை அளந்து ஒரு அட்டவணை வெளியிட்டிருக்கிறது. மாவோடு கலந்து சுட்டால் கால் மணி நேரத்துக்குப் பிறகும் 100-க்கு 40 பங்கு சாராயம் மிச்சம் இருக்கும். ஒரு மணி நேரம் வெந்தால் 25 பங்கு மிச்சம். ஒன்றரை மணிக்கு 20 பங்கு. இரண்டரை மணி நேரம் வேகவைத்தாலும் 5 பங்கு நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிலோ கேக். பழம் ஊற 100 மில்லி ரம். நம் நாட்டு ரம்மில் சாராயச் சத்து 100-க்கு 42.8 பங்கு. ஆக 100 மில்லி ரம்மில் சுமார் 43 மில்லி சுத்தச் சாராயம். கேக் ஒன்றரை மணி நேரம் வேகிறது. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது எட்டரை மில்லி மிச்சம்.

இதோடு நின்றால் பரவாயில்லை. கேக்கை 50 கிராம் துண்டாக வெட்டினால் 20 துண்டு. துண்டுக்கு அரை மில்லிகூட வராது.

ஆனால் சுட்ட பிறகு மேலே தெளிக்கிறார்களே, அது? அடுப்பையே பார்க்காத ரம் அது! மூன்று பெரிய கரண்டி என்றால் 45 மில்லி ரம். அதில் சாராயம் 19 மில்லி. டப்பாவில் போட்டு இறுக மூடிவிட்டால் அது எங்கே பறக்கும்? கேக்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இப்போது துண்டுக்கு ஏறத்தாழ 1.4 மில்லி. 30 மில்லி கொண்ட ஒரு சின்னப் 'பெக்'கில் சுமார் 13 மில்லி இருக்கும். ஆக ஒன்பது, பத்துத் துண்டு ஒரு பெக்குக்குச் சமம்.

திடகாத்திரமான ஆளுக்கு ஒரு துண்டினால் போதை வராது. அது நிச்சயம். ஆனால் வீட்டில் எல்லோரும் திடகாத்திரமான ஆளா? நாலு வயதுப் பிள்ளை "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று நாலு துண்டு கேட்குமே! பிள்ளைத்தாய்ச்சி இருப்பாளே!

எல்லோரையும்விட ஆபத்தில் இருப்பவர் ஒருவர் உண்டு. குடியை விட்டவர். குடியை மறக்க டாக்டர்கள் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று டைசல்ஃபிரம். அதைச் சாப்பிடுகிறவர் உடம்பில் துளி சாராயம் போனாலும் முகம் சிவக்கும், வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த வேலையைக் காட்டும். பாட்டிலைத் தொடாமல் வைராக்கியமாக இருக்கிறார் மனிதர். பக்கத்து வீட்டார் பிரியமாகக் கொடுத்த கேக் அவரைக் கவிழ்த்துவிடுகிறது. அவருக்கும் காரணம் தெரியாது. கொடுத்தவருக்கும் தெரியாது. மனைவியோ, "மறுபடியும் குடித்துவிட்டாரோ!" என்று சந்தேகப்படுவாள். ஒரு குடும்பத்தின் நிம்மதி ஒரு துண்டுக் கேக்கில் போய்விடும்.

உடம்புக்கு மட்டுமா? மனதுக்கும் இது பெரிய விஷயம். வேப்பனப்பள்ளிப் பக்கம் இஸ்லாமியக் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு மது விலக்கப்பட்டது. டிசம்பர் மாதம் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் விரதம் இருக்கும் மாதம். கிறிஸ்தவர்களிலேயே மதுவை அறவே தொடாத சபைகள் உண்டு. பண்டிகைப் பலகாரம் தெருவெல்லாம் போகும். போகிற கேக்குக்குள் என்ன இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டாமா?

முட்டைக்குக் குறி, ரம்முக்கு?

பொட்டலம் கட்டி விற்கும் கேக்கில் முட்டை இருந்தால் சட்டப்படி பழுப்பு நிறச் சதுரத்துக்குள் முக்கோணம் போட வேண்டும். முட்டை இல்லாவிட்டால் பச்சைப் புள்ளி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கூட நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். நல்ல ஏற்பாடு.

ஓசூர், கிருஷ்ணகிரிச் சாலையில் மூலைக்கு மூலை அய்யங்கார் பேக்கரி. ஹாசன் பக்கத்து அய்யங்கார்கள் பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. முட்டை இல்லாத கேக்தான் அவர்கள் வழக்கம். "முட்டை உண்டா, இல்லையா?" என்று இங்கே எல்லோரும் வாய்விட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள்.

ரம்முக்கோ அப்படிக் கண்ணில் படும் குறி எதுவும் கேக் பெட்டியில் இல்லை. பொருள் பட்டியலில் பொடி எழுத்தில் தேட வேண்டும். அதுவும் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். வீட்டில் சுட்டு விற்கும் கேக்கில் அந்தப் பட்டியலே பல சமயம் இருக்காது. விற்பனைக்குச் சுடும் வீட்டுக்காரரும் உணவுப் பாதுகாப்பு இலாகாவில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். சிறு வியாபாரிக்கு அது பெரிய செலவு அல்ல. பலர் செய்துகொள்வதில்லை என்பதுதான் குறை.

வேடிக்கை என்னவென்றால், "ரம் கேக்" என்று விற்பதில் எல்லாவற்றிலும் ரம் இருப்பதில்லை. ரம் வாசனை தரும் எசன்ஸ் கடையில் கிடைக்கிறது. இரண்டு சொட்டு விட்டு, சர்க்கரையைக் கருக்கி ஊற்றினால் நிறமும் வாசனையும் வந்துவிடும். ரம் கேட்டவருக்கு ரம் இல்லை. ரம் வேண்டாதவருக்கு ரம்! இரண்டு பேரும் ஏமாறுகிறார்கள்.

நிறத்திலும் எச்சரிக்கை தேவை. 2024-ல் கர்நாடக உணவுப் பாதுகாப்பு இலாகா 235 கேக் மாதிரிகளைச் சோதித்தது. 12 மாதிரிகளில் செயற்கைச் சாயம் ஆபத்தான அளவில் இருந்தது. அந்தப் பன்னிரண்டும் பழக் கேக் என்று சொல்வதற்கில்லை. பளிச்சென்ற 'ரெட் வெல்வெட்' போன்ற கேக்குகளைத்தான் இலாகா எடுத்துக்காட்டியது. ஆனால் பழக் கேக்கில் போடும் சிவப்பு, பச்சை டூட்டி ஃபுரூட்டி என்பது என்ன? சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய பப்பாளிக் காய்தான்!

வரி குறைந்தது, யாருக்கு லாபம்?

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் கேக்குக்கான ஜி.எஸ்.டி. 100-க்கு 18-லிருந்து 5 ஆகக் குறைந்தது. 400 ரூபாய்க் கேக்குக்கு முன்பு வரி 72 ரூபாய். இப்போது 20 ரூபாய். பெட்டிக்கு 52 ரூபாய் மிச்சம். கடைக்காரர் விலையைக் குறைத்திருக்கிறாரா என்று பில்லைப் பார்த்தால் தெரியும்.

வீட்டில் சுட்டு விற்கும் சிறு வியாபாரி ஜி.எஸ்.டி. வலைக்குள் வருவதில்லை. அவருக்கு லாபம் வாங்கும் சாமானில். வெண்ணெய்க்கும் பாதாம், பேரீச்சைக்கும் வரி 12-லிருந்து 5 ஆனது. கேக்கில் அதிகச் செலவு வெண்ணெயும் பழமும்தான். ஆகவே நேர்மையாகப் பழம் போட்டுச் சுடுகிறவருக்கு இது நல்ல காலம். ரம்முக்கு இந்தக் குறைப்பு இல்லை! அதன் வரி மாநில அரசின் கையில்.

கணக்குப் பார்த்தால் விஷயம் விளங்கும். கேக்கின் பணம் போவது பழத்துக்கு. ருசி வருவதும் பழத்திலிருந்து. வழக்கு, விஷம், விரத பங்கம், மாத்திரைத் தொல்லை எல்லாம் வருவது அந்தக் கால் பாட்டிலிலிருந்து. தனக்கென்று சுட்டு, தெரிந்தே சாப்பிடுகிறவர் ரம் ஊற்றிக்கொள்ளட்டும். கடை முத்திரை உள்ள பாட்டிலாக இருக்கட்டும். தெருவுக்குக் கொடுக்கும் கேக்கிலும், விலைக்கு விற்கும் கேக்கிலும் ரம் எதற்கு? போடத்தான் வேண்டும் என்றால் பெட்டியின் மேல் "இதில் ரம் சேர்ந்திருக்கிறது" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். வேப்பனப்பள்ளியில் அதைத் தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதினால் இன்னும் நல்லது.

ரம் இல்லாமல் செய்வது எப்படி?

ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும் அளவு இது. உலர்ந்த திராட்சை, பேரீச்சை, முந்திரி எல்லாம் சேர்த்து 300 கிராம். ஆந்திரப் பக்கம் விற்கும் மாம்பழத் தாண்ட்ராவைப் பொடியாக நறுக்கி இதில் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். டூட்டி ஃபுரூட்டியைவிட மேல்! ஆரஞ்சுச் சாறு அல்லது கறுப்புத் திராட்சைச் சாறு 150 மில்லி ஊற்றி, பழங்களைச் சிறு தீயில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும். சாற்றில் ஊறிய பழம் ரம்மில் ஊறியதைப்போல் மாதக்கணக்கில் நிற்காது. இரண்டு நாளில் புளித்துவிடும்.

75 கிராம் சர்க்கரையை வெறும் வாணலியில் கருஞ்சிவப்பாகக் கருக்கி, 75 மில்லி வெந்நீரை எட்டி நின்று ஊற்ற வேண்டும். சீறி அடிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. கேக்கின் கறுப்பு நிறம் இதிலிருந்துதான் வருகிறது.

150 கிராம் வெண்ணெயும் 100 கிராம் பொடித்த சர்க்கரையும் நுரைக்கக் குழைத்து, மூன்று முட்டைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்க்க வேண்டும். 150 கிராம் மைதாவில் ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், லவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்குப் பொடி சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுச் சலித்துக்கொள்ளலாம். பழத்தின் மேல் இந்த மாவில் இரண்டு கரண்டி தூவிப் புரட்டினால் பழம் அடியில் போய்த் தங்காது. பிறகு எல்லாவற்றையும், ஆறிய கருக்கிய பாகையும் சேர்த்து மெதுவாகக் கிளற வேண்டும். போட்டு அடித்தால் கேக் கல்லாகிவிடும்.

அவன் இல்லாத வீட்டில் பெரிய குக்கர் போதும். அடியில் இரண்டு கிண்ணம் உப்பு, அதன் மேல் ஒரு வளையம், மூடியில் ரப்பரும் வெயிட்டும் கூடாது. பத்து நிமிஷம் காயவிட்டு, நெய் தடவிய பாத்திரத்தை உள்ளே வைத்துச் சிறு தீயில் ஒன்றேகால் மணி நேரம் விட்டு, ஒரு குச்சியைக் குத்திப் பார்க்கலாம். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் பத்து நிமிஷம்.

முழுக்க ஆறிய பிறகே வெட்ட வேண்டும். மறுநாள் வெட்டினால் இன்னும் நன்றாக இருக்கும். ரம் ஊற்றிய கேக் பொங்கல் தாண்டியும் நிற்கும். இது அப்படி அல்ல. 25-ந்தேதி வெட்டினால் ஜனவரி முதல் தேதிக்குள் காலி செய்துவிட வேண்டும்.